கோணமலை முனையில் நின்று பார்த்த மழை

தை மாதம், வெள்ளிக்கிழமை. காலை ஐந்தேகாலுக்குப் பதுளை பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து டவுனுக்கு வர ஆட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். விடிவதற்குள் அவ்வளவு செலவா என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அதைவிடப் பெரிய கவலை ஒன்று மடியில் இருந்தது. நான் இல்லாத மூன்று நாளும் போத்தலை யார் பார்ப்பார்கள்?

போத்தல் என்றால் மழைமானி. எங்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்த பிறகு, மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்து கொடுத்துவிட்டுப் போனது. கண்ணாடி போன்ற ஒரு குழாய். அதில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள். வெட்டவெளியில் ஒரு கம்பத்தில் மாட்டி, தினமும் காலை ஆறு மணிக்கு எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். அடைமழை என்றால் மணிக்கு ஒரு தடவை. சிவப்பைத் தொட்டால் தோட்டத் தலைவர் ஆறுமுகம் அண்ணனிடம் சொல்ல வேண்டும். அவர், வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார். லயத்தில் பன்னிரண்டு காம்பரா, ஒற்றை அறை வீடுகள், என்னைத் தவிர நாற்பத்தாறு பேர்; எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனால் எழுத்து அழகாக இருக்கும். அதனால்தான் என்னிடம் கொடுத்தார்கள். கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் நான் இல்லை. சம்பளத்தில் குறை வந்தால்கூடப் பக்கத்தில் நிற்பவளை விட்டுக் கேட்கச் சொல்வேன். போத்தல் எனக்குச் சரியாகப் பொருந்தியது. நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, கொப்பியை நீட்டினால் போதும். மிச்சத்தைக் கோடு சொல்லிவிடும்.

என் ஒரே மகன் தினேஷ் திருகோணமலையில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்கிறான். இரண்டு வருடமாக, "ஒரு தடவ வந்து கடலப் பாத்துட்டுப் போம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். இந்தத் தடவை பஸ் காசையும் அனுப்பிவிட்டான். அவன் அப்பா கொழும்பில் வேலை. ஆகவே தனியாகத்தான் கிளம்பினேன். போத்தலை என் ஓரகத்தி புஷ்பத்திடம் ஒப்படைத்தேன். எப்படிப் பார்ப்பது, எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் காட்டிக் கொடுத்தேன். கடைசியாகச் சொன்னது இதுதான்.

"ஒடையாமப் பாத்துக்க புஷ்பம். ஒடஞ்சா என் பேர்லதான் வரும்."

"போய்ட்டு வாங்கக்கா. கண்ணு மாதிரி பாத்துக்குறேன்" என்றாள்.

பஸ் ஐந்தரைக்கு எடுத்தது. மட்டக்களப்பு போகிற பஸ். செங்கலடியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். டிக்கெட் அறுநூற்று நாற்பது. பசறை வரையில் இருபது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் வளைவுகளில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பசறையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். பசறை டவுனில் புடவைக் கடை வைத்திருக்கிறாராம். ஓட்டமாவடியில் மகள் வீட்டுக்குப் போகிறார்.

"மழக் காலத்துல எங்க தங்கச்சி பயணம்?"

"மகனப் பாக்கங்க. திருகோணமலைக்கு."

"கடலப் பாத்திருக்கீங்களா?"

"இல்லங்க."

அவர் சிரித்தார். "நல்ல ஆளு நீங்க. நீங்க கடலப் பாக்கப் போறீங்க. கடல்ல உள்ள தண்ணி மழயா ஒங்க வீட்டப் பாக்க வருது. வழியில ரெண்டு பேரும் சந்திச்சுக்குங்க."

பகிடிக்குத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லுணுகலை தாண்டியதும் தேயிலை முடிந்தது. பிபிலைக்கு இறங்கும்போது காது அடைத்தது. எட்டு மணிக்குப் பிபிலையில் ஒரு பிளேன்டீ குடித்தேன், ஐம்பது ரூபாய். அங்கிருந்து புஷ்பத்துக்குப் போன் எடுத்தேன்.

"எவ்வளவு?"

"ஒண்ணுமே இல்லக்கா. வெயிலடிக்குது. நீங்க கடலப் பாருங்க."

மகாஓயாவுக்கு அப்பால் மலையே இல்லை. நான் பிறந்ததிலிருந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணுக்கு முன்னால் ஏதாவது ஒரு மலை நிற்கும். இங்கே கண் போய் முட்ட ஒன்றும் இல்லை. யாரோ பின்னால் சாய்மானத்தை எடுத்துவிட்டது போல் இருந்தது. ஒன்று மட்டும் பிடித்தது. இந்த ஊர்க்காரர்கள் மழை பெய்தால் மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டியதில்லை. பிறகு கரடியனாறுப் பக்கம் வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற கறையைப் பார்த்தேன், இடுப்பு உயரத்துக்கு. அவரவருக்கு அவரவர் பயம்.

பதினொரு மணிக்குச் செங்கலடி. பதுளையிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பதினொன்றரைக்குத் திருகோணமலை பஸ், நானூற்று இருபது ரூபாய். பெரியவரும் அதில்தான் ஏறினார். ஓட்டமாவடியில் பெரியவர் இறங்கும்போது, "தங்கச்சி, அந்தப் போனப் பைக்குள்ள போடுங்க. கையிலேயே புடிச்சிக்கிட்டிருந்தா கை வலிக்கும்" என்றார். வாகரையில் இடப்பக்கமும் வலப்பக்கமும் தண்ணீர் தெரிந்தது. இதுதான் கடலா, கடலோரத்து ஏரியான களப்பா என்று கண்டக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்கவில்லை. வெருகல், கிண்ணியாப் பாலம், பிறகு திருகோணமலை. மணி மூன்று. தினேஷ் பஸ் நிலையத்தில் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். அன்று மாலை அவன் அறையில் சோறாக்கினேன். படுப்பதற்கு முன் மறுபடியும் புஷ்பத்துக்கு எடுத்தேன். லயத்துப் பக்கம் சிக்னல் இல்லை.

சனிக்கிழமை காலையிலும் சிக்னல் கிடைக்கவில்லை. தினேஷுக்கு அரைநாள் வேலை. இரண்டு மணிக்கு என்னைக் கோணமலையில் இருக்கும் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போனான்.

போகாதவர்களுக்காக அந்த இடத்தைச் சொல்கிறேன். ஊரிலிருந்து ஒரு நிலத்துண்டு கடலுக்குள் கை நீட்டியது போல் நீண்டு போகிறது. போகப் போக உயர்ந்து, முனையில் பெரிய பாறையாக நின்றுவிடுகிறது. தொடக்கத்தில் கோட்டை, முடிவில் கோயில். நடுவில் ஒரு கிலோமீட்டர் ஏற்றப் பாதை. கோட்டை வாசல் கல்லில் இரண்டு மீன் செதுக்கியிருக்கிறது. பாண்டிய ராஜாவின் சின்னம் என்றான் தினேஷ். அங்கே முன்பு பெரிய கோயில் இருந்ததாம். போர்த்துக்கேயர் அதை இடித்து, அந்தக் கல்லைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்களாம். அவர்களுக்குப் பின் ஒல்லாந்தர், பிறகு இங்கிலீஷ்காரர். இப்போதும் வாசலில் ஆமிக்காரர் நிற்கிறார். என் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் பார்க்கவே இல்லை, கையை அசைத்துப் போகச் சொன்னார்.

உள்ளே புளியமர நிழலில் புள்ளிமான்கள். ஆட்டைப் போல் ஆள் பக்கத்தில் வந்து நிற்கின்றன. எங்கள் தோட்டத்தில் மான் தென்பட்டால் அடுத்த நிமிடம் காட்டுக்குள் மறைந்துவிடும். இவை வாழைப்பழத் தோலுக்காக என் பையை முகர்ந்து பார்த்தன. கொம்பு வைத்த மான் ஒன்று, நான் போன் பிடித்திருந்த கையை நக்கியது. தினேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அதுக்கும் தெரிஞ்சுபோச்சு. கடலப் பாக்க வந்தியா, போனப் பாக்க வந்தியா?"

"நீ வாய மூடிக்கிட்டு நட."

பாதை நெடுகக் கடைகள். பூசைத் தட்டு முந்நூறு. சின்ன மரத்தொட்டில்கள் இருநூற்றைம்பது. பிள்ளை இல்லாதவர்கள் வாங்கி, முனையில் நிற்கும் மரத்தில் கட்டுவார்களாம். குரங்குகள் தேங்காய்ச் சில்லுக்குக் காத்திருந்தன. நான் ஏற்றத்தில் பக்கவாட்டாகக் கால் வைத்து நடந்தேன், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் நடந்து பழகிய கால். தார் போட்ட பாதையில் அது வேடிக்கையாக இருந்திருக்கும். ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

சாமி கும்பிட்டு வெளியே வந்து முனைக்குப் போனோம். கம்பி வேலி. அதற்கப்பால் பாறை ஒரேயடியாகக் கீழே இறங்குகிறது. முந்நூறு அடிக்கு மேல் என்றார்கள். அடியில் அலை வந்து அடிக்கிறது, சத்தம் கொஞ்சம் தாமதமாகத்தான் மேலே வருகிறது. நீலத்துக்குள் கறுப்பாக ஆமை ஒன்று தலையைத் தூக்கி மூச்சு வாங்கிவிட்டு அமிழ்ந்தது. வெள்ளை வயிற்றுக் கழுகு ஒன்று எங்கள் காலுக்குக் கீழே பறந்தது. கழுகின் முதுகை நான் அன்றுதான் பார்த்தேன். சில மாதங்களில் திமிங்கிலம்கூட இங்கிருந்து தெரியுமாம்.

பிறகு வெடிப்பைப் பார்த்தேன்.

பாறை மேலிருந்து கடல்வரை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அதன் விளிம்பில் ஒரு மரம் கடல் பக்கம் சாய்ந்திருக்கிறது, கிளை நிறையத் தொட்டில்கள். வெடிப்பும் சாய்ந்த மரமும். இவை இரண்டையும் கண்டால் உடனே இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் கால் தானாகப் பின்னால் போனது. தினேஷின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"தம்பி, இந்தப் பக்கம் வா. இது வெடிச்சிருக்குடா."

பக்கத்தில் கச்சான், வறுத்த நிலக்கடலை, விற்ற அம்மா சிரித்தார். "பயப்பிடாதேங்கோ. அது இராவணன் வெட்டு. தாய்க்காக மலையையே பெயர்க்கப் பார்த்து வாளால வெட்டினவன் எண்டு சொல்லுவினம்."

"யாரு அளக்குறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"எதை?"

"வெடிப்பு கூடுதா கொறயுதான்னு."

"இராவணனுக்குப் பிறகு ஒருத்தரும் அளக்கேல்ல" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் அந்த மரத்துப் பக்கம் போகவில்லை. கச்சான் ஒரு காகிதச் சரை வாங்கினேன், நூறு ரூபாய்.

மூன்றரை மணி இருக்கும். வடகிழக்கே கடலின் மேல் ஒரு கறுப்புச் சுவர் எழும்பியிருந்தது. அதன் அடியில் கடலும் வானமும் ஒட்டிப்போய்க் கிடந்தன. கொஞ்ச நேரத்தில் சுவர் எங்களை நோக்கி வந்தது. பெரிய துளிகள் விழுந்தன. எல்லோரும் கடைத் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினோம். கால் மணி நேரம்தான், விட்டுவிட்டது. கரைப் பக்கம் திரும்பிப் பார்த்தால், அந்தக் கறுப்பு எங்களைத் தாண்டி நிலத்துக்கு மேல் தென்மேற்கே போய்க்கொண்டிருந்தது. பின்னால் கடலில் இன்னும் இரண்டு சுவர்கள் கிளம்பியிருந்தன.

"இங்க நிண்டு பெய்யாது" என்றார் கச்சான்கார அம்மா. "உது மலைப்பக்கம் போற மழை. நேற்றுப் பின்னேரத்தில இருந்தே வரிசையாப் போகுது."

மலைப்பக்கம் என்றால் எங்கள் பக்கம்தான். ஐம்பது வயதுவரை மழை எங்கள் மலைக்குப் பின்னால் எங்கேயோ உண்டாகிறது என்று நினைத்திருந்தேன். அது புறப்படுகிற இடத்திலேயே நின்று பார்க்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது. என் போனில் லைன் போகவில்லை; தினேஷின் போனை வாங்கிப் புஷ்பத்துக்கு எடுத்தேன். ஏழாவது தடவையில் கிடைத்தது.

"அக்கா! கேக்குதா? இங்க கொட்டுதுக்கா!"

அவள் சொல்ல வேண்டியதே இல்லை. தகரத்தில் மழை விழுகிற இரைச்சலுக்குள்தான் அவள் குரலைத் தேட வேண்டியிருந்தது.

"போத்தல்ல எவ்வளவு இருக்கு?"

"ஒரு சொட்டு இல்லக்கா. காஞ்சு கெடக்கு."

"என்னடி சொல்ற? நல்லாப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான்க்கா இருக்கேன். கையிலதான இருக்கு."

"கையிலயா? எங்க வச்சிருந்த?"

"உள்ளதான். அலமாரி மேல. நேத்துச் சாயங்காலமே காத்து அடிச்சுச்சு, வுழுந்து ஒடஞ்சுருமேன்னு கழட்டி உள்ள கொண்டாந்துட்டேன். நீங்கதான ஒடையாமப் பாத்துக்கன்னு சொன்னீங்க."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவளைத் திட்ட முடியவில்லை. நான் சொன்னதைத்தான் செய்திருக்கிறாள்.

"எப்ப இருந்து பெய்யுது?"

"நேத்து ராவுல இருந்து. காலைல கொஞ்சம் விட்டுச்சு. பத்து மணிக்கு மேல விடவே இல்ல."

"வாசல்ல பாத்திரம் எதாச்சும் கெடந்துச்சா?"

"கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டிதான். அது எப்பவோ நெறஞ்சு வழியுது."

"தலைவரக் கூப்புடு."

தலைவர் வரும்வரை நான் மழை இரைச்சலையே கேட்டுக்கொண்டு நின்றேன். என் முன்னால் பாறை, கீழே கடல், தூரத்தில் அடுத்த கறுப்புச் சுவர். ஆறுமுகம் அண்ணன் நல்ல மனிதர். ஆனால் போன மாதம் சிவப்புக் கோடு தொட்டு இரண்டு தடவை எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. ஆட்கள் அவரைத்தான் பேசினார்கள்.

"சொல்லு சந்திரா. எந்தக் கோட்டுல நிக்குது?"

"கோடு இல்லங்கண்ணே. புஷ்பம் போத்தல உள்ள வச்சிருச்சு. அளவு தெரியாது."

"அளவு தெரியாம எப்புடிம்மா ஆளுகள வெரட்டுறது? போன தடவ பட்டது போதாதா? இப்ப அடுப்புல சோறு வேவுது. கெழவன் கெழவியெல்லாம் இருக்கு. கோட்டச் சொல்லு, தண்டவாளத்த அடிக்கிறேன்."

"நான் இங்க கடல்ல இருந்து பாக்குறேன்ணே. இன்னும் வருது. இப்ப பெய்யுற மாதிரி ரெண்டு மடங்கு பின்னால வந்துகிட்டு இருக்கு."

"கடலப் பாத்து சொல்றியா?"

அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை, மழைச் சத்தம். கொப்பி கையில் இல்லை. நீட்டுவதற்கு எதுவும் இல்லை. என் வாய் மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, தண்டவாளத்த அடிங்க."

"யாரு கேட்டா என்ன சொல்றது?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"நீ சொன்னேன்னா?"

"ஆமா. சந்திரா சொன்னான்னு சொல்லுங்க! ஒண்ணும் ஆகலன்னா நான் வந்து ஏச்சு வாங்கிக்கிறேன். இப்ப அடிங்கண்ணே!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. குரங்குகூட மதிலிலிருந்து இறங்கிப் போனது. கச்சான்கார அம்மா கையில் சரையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தினேஷ் என் கையிலிருந்து போனை எடுத்துத் தன் காதில் வைத்தான். லைன் அறுந்திருந்தது.

பிறகு இரண்டரை மணி நேரம் எந்தச் செய்தியும் இல்லை. கோட்டை வாசல்வரை இறங்கி வந்தோம். மான்கள் நனைந்த முதுகோடு மரத்தடியில் நெருக்கி நின்றன. அவற்றுக்கு அருகே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். நான் என்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் ஆகாவிட்டால் இனி என் கொப்பியை யாரும் நம்ப மாட்டார்கள். ஏதாவது ஆகி, அவர்கள் போகாமல் இருந்திருந்தால்? அந்த இரண்டாவதை நினைத்து முடிக்க என்னால் முடியவில்லை. தினேஷ் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தான். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தேன்.

ஆறு மணி தாண்டியதும் புஷ்பத்திடமிருந்து தினேஷின் போனுக்கு ஒரு மெசேஜ். "எல்லாரும் பள்ளிக்கூடத்துல. சோத்துப் பானையோட வந்துட்டோம். கோழியும் இருக்கு. தலைவர் உங்கமேல கோவம்."

தினேஷ் அதை இரண்டு தடவை வாசித்துக் காட்டினான். அதன் பிறகுதான் தேநீரைக் குடித்தேன்.

ஞாயிறு காலை ஐந்து மணிக்கே ஊருக்குக் கிளம்பினேன். தினேஷ் பஸ் நிலையத்தில், "அம்மா, கடல ஒழுங்காவே பாக்கலியே நீ" என்றான். "பாத்தேன்டா. வேண்டியதுக்கு மேல பாத்துட்டேன்" என்றேன். பிபிலைக்கும் லுணுகலைக்கும் இடையில் பாதையில் மண்ணும் கல்லும் விழுந்து, ஒன்றரை மணி நேரம் காக்க வேண்டியிருந்தது. பெக்கோ இயந்திரம் அள்ளுவதைப் பயணிகள் எல்லோரும் இறங்கி நின்று பார்த்தோம்.

லயத்துக்கு வந்தபோது மாலை ஐந்து மணி. மழை நின்றிருந்தது. மலையும் நின்றிருந்தது. பன்னிரண்டு காம்பராவும் அப்படியே இருந்தன. மதியமே ஆட்கள் திரும்பி வந்திருந்தார்கள். கொடியில் நனைந்த போர்வைகள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் ஆரம்பித்தாள்.

"வாங்க வாங்க. திருகோணமலையில இருந்து பொட்டணம் கொண்டாந்தீங்களா, இல்ல மறுபடி வெரட்ட வந்தீங்களா?"

"சிமெந்துத் தரையில படுத்து இடுப்பு போச்சு" என்றது உள்ளிருந்து இன்னொரு குரல். "அங்க இருந்துகிட்டு சுவிச்சப் போடுறா பாரு."

சொன்னபடி ஏச்சு வாங்கிக்கொண்டேன். கொண்டுவந்த கச்சானைக் கொடுத்தேன். புஷ்பம் அழுதுகொண்டே போத்தலைச் சேலைத் தலைப்பில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கீறல்கூட இல்லை. வெளிச்சம் போவதற்குள் தலைவரும் நானும் லயத்துக்கு மேலே ஏறினோம். வெடிப்பு போன வாரம் என் பெருவிரல் அகலம்தான் இருந்தது. இப்போது கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுவரை போனது. தலைவர் குனிந்து அதைப் பார்த்தார். இறங்கும்போது நான் வழுக்கிவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோணமலையில் இருப்பது பாறை. எவ்வளவு காலமோ பிளந்தபடி நிற்கிறது, ஆட்கள் அதில் தொட்டில் கட்டுகிறார்கள். எங்கள் மலை மண். அதற்குக் கீழே நாங்கள் படுத்துத் தூங்குகிறோம். இரண்டுக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

போத்தலைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, விளக்கடியில் கொப்பியைத் திறந்தேன். சனிக்கிழமைக் கட்டம் வெறுமையாக இருந்தது. அதிகாரி வந்தால் கேட்பார். பொய்யாக ஒரு எண்ணைப் போட மனம் வரவில்லை. அந்தச் சின்னக் கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி எழுதினேன்:

"அளக்கவில்லை. நாற்பத்தாறு பேரும் பள்ளிக்கூடத்தில். நான் சொன்னேன்."